உப்பில் போட்ட சோடா மூடிகள்

புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்ததும் ஈரம் உறிஞ்சுகிற அந்தக் குட்டிப் பொட்டலம் மடியில் விழுந்தது; இந்த வயசிலும் எனக்கு வயிறு எரிந்தது, போங்க. அறந்தாங்கியில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிற இடத்தில் அப்போது சோடா கம்பெனி இருந்தது. அதன் கொல்லையில் பாட்டில் மூடி பொறுக்குவதில் எனக்கும் ஜமீலாவுக்கும்தான் போட்டி. மழைக்காலத்திலும் அவள் மூடிகள் மட்டும் பளபளவென்று இருக்கும், ஏனென்றால் துபாயிலிருந்து அவள் அத்தா கொண்டுவரும் சாமான்களோடு இந்தப் பொட்டலங்களும் வரும்; அவற்றை மூடி டப்பாவுக்குள் போட்டுவைப்பாள். அவளுக்குத் தெரியாமல் ஒன்றைக் கிள்ளிப் பார்த்தேன்; கல்லுப்பு மாதிரியே இருந்தது. இவ்வளவுதானா சங்கதி என்று அம்மாவின் உப்பு ஜாடியைக் கவிழ்த்து, டப்பாவுக்குள் என் மூடிகளைப் புதைத்து வைத்தேன். ஐப்பசி மழை விட்டுத் திறந்தால், உப்பெல்லாம் தண்ணியாகி அத்தனை மூடியும் துருப்பிடித்துக் கிடந்தது.

“என்னடி, ஊறுகாயா போட்டிருக்கே?” என்று சிரித்த ஜமீலா, தன் பொட்டலங்களில் இரண்டை எடுத்து நீட்டினாள்.

“ஒண்ணும் வேணாம், நீயே வச்சுக்க” என்று கையைத் தட்டிவிட்டேன்.

இன்றைக்கு விழுந்ததையும் பீரோவிலிருக்கிற டப்பாவில் போட்டேன். டப்பா நிறையப் பொட்டலம்தான். காப்பாற்ற ஒரு மூடிகூட இல்லை.