பெயர் எழுதாத குழந்தை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அன்று தீ விபத்து ஒத்திகை. மணி அடித்ததும் குழந்தைகளை வெளியே கூட்டி வந்து, வருகைப் பதிவேட்டைப் பார்த்து எண்ணினேன்.

"பதினெட்டுப் பேரும் வந்தாச்சுங்க" என்று மேனேஜரிடம் பெருமையாகச் சொன்னேன்.

தையல் பிரிவிலிருந்து செல்வி ஓடி வந்தாள். "அக்கா, எம் புள்ள எங்க?"

பதிவேட்டை மறுபடி புரட்டினேன்; அவள் குழந்தையின் பெயரே அதில் இல்லை. காலையில் அவள் தாமதமாக வந்து குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். பெயரை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட நான், அடியோடு மறந்துபோனேன்.

உள்ளே ஓடினேன். அத்தனை மணிச் சத்தத்திலும் குழந்தை விரல் சூப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தது.

வாரி எடுத்து வந்து கொடுத்தேன். செல்வி திட்டவில்லை. "நெசமாவே தீப்பிடிச்சிருந்தா என்னக்கா பண்ணிருப்பீக?" என்றாள்.

அது ஒத்திகையாக இருந்ததால்தான் இன்று இதை எழுதவாவது முடிகிறது.