இடியப்ப மிசினுக்கு ஆர் பொறுப்பு?

டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊருக்குப் பக்கத்தில், காற்றாலைகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் இயந்திரப் பாதுகாப்புப் பொறியியலாளன். ஒரு புது இயந்திரத்தின் முன்னால் போய் நின்று, இதில் யாருடைய விரல் எந்த வழியாகப் போகும் என்று நாள் முழுக்கக் கற்பனை செய்து, பின்னேரம் அதைத் தட்டச்சுச் செய்துவிட்டு வீட்டுக்கு வருவதுதான் வேலை. வேறு யாரும் இப்படி யோசித்துக்கொண்டிருந்தால் வைத்தியரிடம் அனுப்புவார்கள். எனக்குச் சம்பளமும் தந்து, வருடத்துக்கு ஆறு கிழமை விடுமுறையும் தருகிறார்கள்.

இரண்டு மூன்று வருடங்களாக எங்கள் தொழிலில் கருத்தரங்குக் காலம். ஐரோப்பாவின் இயந்திரச் சட்டம் மாறுகிறது. இதுவரை பிரசெல்ஸ் ஒரு கட்டளையை அனுப்பும். ஒவ்வொரு நாடும் அதைத் தன் மொழியில், தன் சட்டமாக எழுதிக்கொள்ளும். 2027 ஜனவரியில் இருந்து அந்தச் சுற்றுப்பாதை இல்லை. ஒரே சட்டம், எல்லா நாட்டுக்கும் நேரடியாக. மென்பொருள், இணையவழித் தாக்குதல், பழைய இயந்திரத்தை மாற்றிக் கட்டியவரே புது உற்பத்தியாளர் ஆகிவிடுவது என்று புதிய பாடங்கள் பல. ஒவ்வொரு பாடத்துக்கும் ஓகூஸ் நகரில் ஒரு மண்டபம், கழுத்தில் ஒரு பெயரட்டை, மத்தியானம் கறுத்த பாண் துண்டில் மீன்.

கடந்த வசந்தத்தில் அப்படி ஒரு மண்டபத்தில் என்னையே பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, 'எதிர்பார்க்கக்கூடிய தவறான பயன்பாடு'. சட்டத்திலேயே இருக்கிற சொற்றொடர்தான். இயந்திரத்தை ஆட்கள் நாம் விரும்புகிறபடி பாவிக்கமாட்டார்கள், தங்கள் பாட்டில்தான் பாவிப்பார்கள். அதையும் முன்கூட்டியே யோசித்து வைப்பது உற்பத்தியாளரின் கடமை என்பது அதன் சாரம். நன்றாகத்தான் பேசினேன். டென்மார்க்காரர் கை தட்டும்போது பாராட்டுகிறார்களா, ஒருவழியாக முடிந்ததே என்று ஆறுதல்படுகிறார்களா என்பது இத்தனை வருடமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் ஒரு பேராசிரியர் கோப்பிக் கோப்பையுடன் என்னைத் தேடி வந்து, மிகவும் தெளிவு என்றார். அந்தத் தெளிவோடு காரில் ஏறியபோதுதான் மச்சானின் தொலைபேசி வந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலையில் நெடுங்காலமாக இரவு வேலை. வலது தோள்மூட்டு தேய்ந்துவிட்டது. இந்தத் தோளோடு இன்னும் இரண்டு குளிர்காலம்கூடத் தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவன் அதற்காக அழுதுகொண்டு இருக்கவில்லை. தன் வீட்டுக் கராஜில் ஒரு இடியப்ப மிசின் கட்டினான். இடியப்பம் பிழியும் ஆறு உரல்களை ஒரே தலையில் பூட்டி, மோட்டரால் தலையை இறக்கினால், கீழே வரிசையாக வைத்த ஆறு தட்டிலும் ஒரே தடவையில் இடியப்பம் விழும். பாரிசில் தமிழ்ச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் அதை வீடியோவில் பார்த்து, உடனே ஒன்று வேண்டும், சரிவந்தால் தெரிந்த கடைகளுக்கெல்லாம் சொல்கிறேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கியது என்று காட்டும் சீ.ஈ. அடையாளம் இல்லாத மிசினை அவருடைய காப்புறுதிக்காரர் கடைக்குள் விடமாட்டார்கள். அந்த இரண்டு எழுத்துக் கிடைத்தால் மச்சான் இரவு வேலையை விடலாம். கிடைக்காவிட்டால் தோளை விடவேண்டியதுதான்.

"அத்தான், உந்தச் சீ.ஈ. குத்துவிக்க எந்தக் கந்தோருக்குப் போகவேணும்?"

"ஒரு கந்தோருக்கும் போகத் தேவையில்லை. நீதான் குத்துறது."

"பகிடி விடாதேங்கோ. நான் சீரியஸா கேக்கிறன்."

"நானும் சீரியஸாத்தான் சொல்லுறன். மிசினைக் கட்டினவன் தானே பரிசோதிச்சு, தானே எழுதி, தானே கையெழுத்து வைக்கிறது."

"அப்ப ஆர் வந்து பாக்கிறது?"

"ஒருத்தரும் வரமாட்டினம்."

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசல்ல. முத்திரை என்றால் மேசைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு அதிகாரி இருக்கவேண்டும், அவர் ஒரு தரம் முகம் சுளிக்கவேண்டும், நாளைக்கு வா என்று சொல்லவேண்டும். சில ஆபத்தான வகை இயந்திரங்களுக்கு மட்டும்தான் வெளியாள் பரிசோதனை உண்டு. பழைய சட்டத்திலும் சரி, புதுச் சட்டத்திலும் சரி, இடியப்பத்தை ஐரோப்பா ஆபத்தாகக் கருதவில்லை.

"ஒருத்தரும் பாக்காத முத்திரையை எவன் நம்புவான்?" என்றான் மச்சான்.

"நீ நேர்மையான ஆள் எண்டு சட்டம் நம்புது."

"சட்டத்துக்கு என்னைத் தெரியாது, அத்தான்."

அடுத்த சனிக்கிழமை கராஜில் போய் நின்றேன். கழுத்தில் பெயரட்டை இல்லையே தவிர மற்றபடி அதே ஆள். இறங்கும் தலைக்கும் தட்டு வைக்கும் மேசைக்கும் நடுவே கை அகப்பட்டால் நசிந்துவிடும் என்று கண்டுபிடிக்கப் பேராசிரியர் தேவையில்லை. அதற்கு எங்கள் தொழிலில் பேர்போன மருந்து இருக்கிறது. இரண்டு பொத்தான்கள், நடுவே நல்ல இடைவெளி. இரண்டையும் ஒரே கணத்தில் அழுத்திப் பிடித்தால்தான் தலை இறங்கும். ஒன்றை விட்டாலும் நிற்கும். ஒன்றைக் கட்டி வைத்து ஏமாற்றவும் முடியாது. இரண்டு கையும் பொத்தானில் இருக்கும்போது நசிவதற்கு மூன்றாவது கை எங்கே? பாதுகாப்பு மதிப்பீட்டில் 'இயக்குபவர்: ஒருவர்' என்று தட்டச்சுச் செய்தேன். இடியப்பத்துக்காக எழுதிய மதிப்பீடுகளில் அதைவிட நேர்த்தியானது ஐரோப்பாவில் இருக்காது. போட்டியும் இருக்காது.

பரீட்சித்துப் பார்க்க மச்சான் போகும் சபையின் சமையலறை வசதியாக இருந்தது. அவன் கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே. நான் கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு மட்டும் ஒழுங்காகப் போகிற சைவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிய எல்லாருக்கும் சாப்பாடு உண்டு. அன்றைக்கு இடியப்பம் என்று ஏற்பாடு. மிசினை இயக்க, சபைச் சமையலுக்குப் பொறுப்பான பிராண்டே அக்கா வந்தார். நான் அவருக்கு இரண்டு பொத்தானையும் காட்டினேன். தலையாட்டினார், அழுத்தினார், ஆறு இடியப்பமும் அழகாக விழுந்தன. மச்சான் என்னைப் பார்த்தான். எனக்கு இன்னொரு பேராசிரியர் கோப்பியுடன் வருவது போலிருந்தது.

அப்போது எஸ்பியர்க் ஊரில் இருந்து வந்திருந்த அவருடைய சிநேகிதி, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"தனிய நிண்டு கஷ்டப்படுறியள். நீங்கள் அமத்துங்கோ, நான் தட்டு வைக்கிறன்."

"ஓம், வாங்கோ, வாங்கோ. தனிய நிண்டால் அலுப்புத்தானே."

இவர் இரண்டு கையாலும் பொத்தானை அழுத்த, அவர் இரண்டு கையாலும் தட்டை மாற்றினார். வேகம் இரட்டிப்பு. கதை மும்மடங்கு. யாரோ ஒரு மருமகள் வாங்கிய சோபாவைப் பற்றிய கதை சூடு பிடித்த இடத்தில், ஒரு எவர்சில்வர் பிளேட் சற்றுக் கோணலாக இருப்பதை எஸ்பியர்க் அக்கா கண்டார், சரிப்படுத்தக் கையை நீட்டினார். பிராண்டே அக்கா சோபாவின் நிறத்தைக் கேட்டபடியே அழுத்தினார். கை வெளியே வந்துவிட்டது. பிளேட் வரவில்லை. தலை மேலே போனபோது அது அப்பளம் மாதிரி மடிந்து கிடந்தது.

"ஐயோ, என்ரை பிளேட்!" என்று பிராண்டே அக்கா கத்த, இரண்டு பேரும் சிரித்தார்கள். சமையலறையே சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. அந்தப் பிளேட்டை எடுத்துப் பின்புறமும் முன்புறமும் பார்த்தான்.

இரட்டைப் பொத்தான் அழுத்துகிறவரை மட்டுமே காப்பாற்றும், பக்கத்தில் நிற்பவரை அல்ல. இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. எங்கள் ஜூலண்ட் பகுதியின் பட்டறைகளில் ஒரு மிசினுக்கு ஒரு ஆள், காதில் ஒரு அடைப்பான், பக்கத்தில் ஒருவரும் இல்லை. அந்த ஆளை மனதில் வைத்தே எழுதிப் பழகிவிட்டேன். தமிழர் சமையலறையில் ஒருவர் தனியாக நின்று இடியப்பம் பிழிந்ததை என் வாழ்நாளில் கண்டதில்லை. எதிர்பார்க்கக்கூடிய தவறான பயன்பாட்டைப் பற்றி ஓகூஸில் பேசிவிட்டு வந்த ஆள், தன் மனைவியும் அவளுடைய தங்கச்சியும் ஒரு உரலை எப்படிப் பிடிப்பார்கள் என்பதை எதிர்பார்க்கவில்லை.

"ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவமோ, அத்தான்?" என்று மச்சான் மெல்லக் கேட்டான். "ஒராள் மட்டும் எண்டு. பாரிஸ்காரர் நாளாந்தம் கேக்கிறார்."

ஸ்டிக்கர் என்பது எங்கள் தொழிலின் கடைசி மருந்து. முதலில் ஆபத்தையே வடிவமைப்பில் இருந்து எடுக்கவேண்டும்; முடியாவிட்டால் மூடி போடவேண்டும்; அதுவும் முடியாவிட்டால்தான் எச்சரிக்கை. ஆனால் மச்சானின் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் ஸ்டிக்கர் மேல் ஒரு பாசம் வந்தது. ஒரு கடதாசியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம்.

எஸ்பியர்க் அக்கா அதைச் சத்தமாக வாசித்தார். "ஒராள் மட்டும் இயக்கவும். ஓம், நல்லது, எழுதத்தான் வேணும்." பிறகு அடுத்த தட்டை எடுத்து வைத்தார்.

"அக்கா, ஒராள் மட்டும் எண்டு போட்டிருக்கு," என்றான் மச்சான்.

"அதுதானே தம்பி. அவதான் இயக்கிறா. நான் சும்மா உதவிக்கு நிக்கிறன்."

கடதாசியைக் கிழித்தது மச்சான்தான். "இது சரிவராது. பாரிசிலையும் இப்பிடித்தான் நிப்பினம்," என்றான். அன்றைக்கே கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்து, மிசின் பிந்தும் என்றான். மறுமுனையில் கேட்ட சத்தத்தை நான் இங்கே எழுத முடியாது. வேறு ஆளைப் பார்க்கிறேன் என்பதுதான் அதன் நாகரிகமான பகுதி.

"பாருங்கோ அண்ணை, பாருங்கோ," என்றான் மச்சான். "ஆனா உங்கடை கடையிலை இடியப்பம் பிழியிறது எத்தினை பேர் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

"என்ரை மனிசியும் மாமியும்," என்று பதில் வந்தது. அதன் பிறகு அவர் வேறு ஆளைப் பற்றிக் கதைக்கவில்லை.

அந்தக் கோடை முழுக்கக் கராஜில்தான். இரண்டு பேர் நிற்பதைத் தவறான பயன்பாடு என்று சொல்வதை விட்டு, அதையே சரியான பயன்பாடு என்று வைத்துக்கொண்டால் என்ன என்பது என் யோசனை. நான் பங்களித்த ஒரே விஷயம் என்பதால் குறிப்பிடுகிறேன். மீதி எல்லாம் மச்சானின் கை. இறங்கும் தலையைச் சுற்றி நாலு பக்கமும் கண்ணாடி மாதிரித் தெளிவான மூடி. இடது பக்கம் ஒரு இழுப்புத் தட்டு, வலது பக்கம் ஒன்று. ஒருவர் இந்தப் பக்கம் தட்டுகளை அடுக்கி உள்ளே தள்ள, உள்ளே போன இழுப்புத் தட்டு வழியை அடைத்துக்கொண்ட பிறகுதான் தலை இறங்கும். அதற்குள் மற்றவர் அந்தப் பக்கம் அடுக்கிக்கொண்டிருப்பார். பொத்தானே இல்லை. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று முகம் பார்த்துக் கதைக்கலாம். பழையதைவிட வேகமும் கூட. மதிப்பீட்டைத் திருப்பி எழுதினேன். 'இயக்குபவர்: இருவர், சிலவேளை நால்வர். கதைத்துக்கொண்டிருப்பார்கள்.' அதை வாசித்துவிட்டு என் மனைவி, முதல் தடவையாக என் தொழில் தனக்கு விளங்குகிறது என்றாள்.

மறுபடியும் சபைச் சமையலறை. இந்த முறை மச்சான் இரண்டு அக்காமாரிடமும் அகப்பையைக் கொடுத்து, எப்படியாவது இதை உள்ளே விட்டு நசிக்கப் பாருங்கோ என்றான். இருவரும் உற்சாகமாகப் பாடுபட்டார்கள். அகப்பை தப்பியது.

ஆவணி கடைசியில் ஒரு பின்னேரம், அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மிசின் சட்டத்துக்கு இணங்குகிறது என்று உற்பத்தியாளர் சொல்லும் இணக்க அறிவிப்பை வைத்தோம். ஒரு பக்கம்தான். உற்பத்தியாளர் என்ற இடத்தில் அவனுடைய முழுப் பெயரும் பிராண்டே விலாசமும். அதைப் பார்த்தபடி இருந்தான். மிசின் கராஜில் இழுவை வண்டியில் ஏறி நின்றது. திங்கட்கிழமை தொழிற்சாலையில் விலகல் சொல்வதாக முடிவெடுத்திருந்தான்.

கையெழுத்து வைத்தான். பேனையை மூடினான்.

"அத்தான், பாரிசிலை ஆரும் மிசினுக்குள்ளை கையைக் குடுத்தால் என்னைத்தான் தேடி வருவினம், என்ன?"

"ஓம். உன்னைத்தான்."

"பொறியியலாளர் எண்டு உங்களை இல்லை?"

"இல்லை. என்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லை."

பயந்த முகம் அல்ல அது. கராஜ் பூட்டின் திறப்பை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"அப்ப வாங்கோ, பின்பக்க மூடியை ஒருக்காக் கழட்டிப் பாப்பம்."

"நேற்றுத்தானே பாத்தனாங்கள்."

"நேற்று நான் சும்மா ஆள், அத்தான்," என்றபடி ஸ்குரூட்ரைவரை இடது கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.