சத்தியம் கேட்ட வீடு

கொரோனா இரண்டாம் அலை அடங்காத மாதங்கள். மைசூரில் எங்கள் வார்டுக்கு நான்தான் ஆஷா, அதாவது அரசு சுகாதாரத் தொண்டர். தடுப்பூசி முகாமுக்கு வீடு வீடாகப் போய் ஆட்களை அழைத்து வருவது என் வேலை. பத்தாவதுக்கு மேல் படிக்காத எனக்கு அதுவே பெரிய உத்தியோகம். தினமும் விளக்கேற்றி, சாமுண்டித் தாயே, என் கையால் யாருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று கும்பிட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுவேன்.

அன்று போக வேண்டிய ஒரு வீட்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்ப் பக்கமிருந்து வந்து எங்கள் தெருவில் குடியிருந்தவர்கள். புருஷனுக்குச் சிறுநீரகம் கெட்டு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். தொற்று வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் பெண்டாட்டியின் அண்ணனை முந்தின மாதம் முகாமுக்கு அழைத்துப் போனவள் நான். ஊசி போட்ட ஆறாம் நாள் அவர் மூச்சுத் திணறிப் போய்விட்டார். தொற்று அதற்கு முன்பே உடம்பில் இருந்தது என்றார் டாக்டர். அவள் காதில் அது ஏறவில்லை.

நான் வாசலில் நிற்கும்போதே முகாமிலிருந்து நர்ஸம்மா போன் செய்தார். திறந்த குப்பியில் இரண்டு பேருக்கு மருந்து மிச்சம், ஒரு மணிக்குள் ஆள் வராவிட்டால் வீண்தான் என்றார். மணி பன்னிரண்டே கால்.

அந்த வாரத்தில் நான் அங்கே வருவது மூன்றாம் முறை. அவள் கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றாள். கட்டிலில் இருந்த புருஷன்தான், "எமன்கூட வாரத்துல மூணு வாட்டி வரமாட்டானுங்க்கா" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவர்கள் குலசாமி மாதேஸ்வரன் படத்துக்கு முன்னால் தட்டு வைத்துக் கற்பூரம் கொளுத்தினாள்.

"எங்கண்ணன் அந்த ஊசியால சாகலீன்னு இதை அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க்கா. இவருக்கு ஒண்ணும் ஆகாதுன்னும் பண்ணுங்க. இப்பவே அனுப்பறேன்."

கை நீட்டினால் போதும். ஒரு உயிருக்காகத்தானே என்றது மனம். டாக்டர் சொன்னதை நான் நம்பினேன். ஆனால் நம்புவது வேறு, கற்பூரத்தை அணைப்பது வேறு. அதோடு, நான் யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது.

"மாட்டேம்மா," என்றேன். "நாளைக்கு நடக்கறது எனக்குத் தெரியாது. உங்கண்ணனை அன்னிக்கு ஜுரம் இருக்கா, இருமல் இருக்கான்னு நான் கேக்கலை. அவசரம். நான் கேட்டிருப்பேன்னு நர்ஸம்மாவும் விட்டுட்டாங்க. கேட்டிருந்தா நேரா டெஸ்டுக்கு அனுப்பியிருப்பேன். அது என் தப்பு. ஊசி மேல பழி போடாதே."

"கேக்கலியா?" என்றாள்.

"கேக்கலை."

நானும் என் வீட்டுக்காரரும் போட்டுக்கொண்டதையும், இரண்டு நாள் ஜுரம் அடித்து விட்டுப்போனதையும் சொன்னேன். அதற்கு வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன் என்றேன். கற்பூரம் தானாகவே எரிந்து அடங்கியது. போன் மறுபடி அடித்தது, நான் எடுக்கவில்லை. அவள் உள்ளே போனாள். விளக்குமாறு எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

ஆதார் அட்டையோடு வந்தாள்.

"மொதல்ல எனக்குப் போடட்டும். மூணு நாள் பாத்துட்டு இவரைக் கூட்டியாறேன். ஜுரம் இருக்குதான்னு கேளுங்க. எல்லாத்தையும் கேளுங்க."

கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள். துணைக்கு நான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகவே நடந்தாள். குப்பியில் ஒரு ஆள் மருந்து வீணானது.

மூன்று நாளும் அந்தத் தெரு வழியாக ஏதாவது சாக்குச் சொல்லிப் போய்வந்தேன். ஒரு நாள் கதவு சாத்தியிருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் அவரை ஆட்டோவில் வைத்து முகாமுக்குக் கொண்டுவந்தாள். ஊசி போட்டு அரை மணி நேரம் உட்கார வைத்தோம். அவர் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். நான் எதிரே நின்றேன். அந்த அரை மணி நேரமும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.