"டீச்சர், நீங்க எந்தத் தோட்டம்?"

போன வருடம், பள்ளி விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்பு நடந்தது. மலேசியாவில், புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு வகுப்புக்கு நான் ஆசிரியை. கடவுச்சொல்லைப் பற்றிப் பாடம் எடுத்தால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சரியென்று ஒரு பந்தயம் கட்டினேன். வெள்ளிக்கிழமைக்குள் என் மடிக்கணினியின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தால் வகுப்புக்கே ஐஸ்கிரீம்.

யாராலும் முடியாது என்ற திமிர் எனக்கு. அடுத்த வாரத் தேர்வுத்தாள் அதற்குள்தான் இருந்தது. அதைக்கூட நான் வேறிடத்துக்கு மாற்றவில்லை என்றால் பாருங்களேன்! "இது கூகுள்லயும் இல்ல, மேப்லயும் இல்ல" என்று வேறு பீற்றிக்கொண்டேன்.

என் பெயர், பிறந்த நாள், நான் ஓட்டிவரும் காடியின் நம்பர் என்று எதையெதையோ தட்டிப் பார்த்துப் பிள்ளைகள் சலித்துப் போனார்கள். முன்வரிசை வாயாடி ஒருத்தி மட்டும் கணினிப் பக்கமே வரவில்லை. புதன்கிழமை ஓய்வு நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டபடியே, "டீச்சர், நீங்க எந்தத் தோட்டம்?" என்றாள்.

நம் பக்கத்தில் இரண்டு தமிழர் சந்தித்தால், எந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதுதானே முதலில் வரும் கேள்வி. எனக்கு வாயெல்லாம் பல். தோட்டத்து வாசல் பலகையில் ஏதோ ஆங்கிலப் பெயர் இருக்கும், நாங்கள் யாரும் அதைச் சொன்னதே இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு மீசைக்காரத் துரை இருந்தாராம், அதனால் எங்களுக்கு அது மீசைக்காரன் தோட்டம் என்று ஆரம்பித்து, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு முருங்கைமரம் வரை சொல்லித் தீர்த்தேன். மணி அடித்ததுகூடக் காதில் விழவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். ஒற்றை விரலால் ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரைத் தட்டினாள். திறந்துகொண்டது! திரை முழுக்கத் தேர்வுத்தாள். வகுப்பே கூச்சல் போட, நான் பாய்ந்துபோய்க் கணினியை மூடினேன்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"மேப்ல இல்லன்னு நீங்கதான சொன்னீங்க டீச்சர்? அப்படின்னா தோட்டத்துப் பேருதான் லா. எங்கப்பாவும் மீசைக்காரன் தோட்டந்தான்!"

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் புதுக் கேள்வித்தாள் தயாரிப்பதிலேயே போனது. திங்கட்கிழமை வகுப்பு முழுக்க ஐஸ்கிரீம் ஒழுகியது. அதன்பின் கடவுச்சொல் பாடத்தில் ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை.

எந்தத் தோட்டம் என்று யாராவது கேட்டால் இன்றும் ஆசையாகத்தான் சொல்கிறேன். ஆனால் திருடன் பூட்டை உடைத்துத்தான் வருவான் என்று நினைத்திருந்த எனக்கு, பாசமாக ஒரு கேள்வி கேட்டாலே நானே கதவைத் திறந்துவிடுவேன் என்று புரியவைத்தது அந்தப் பதினொரு வயது வாயாடிதான்.