டீ நேரத்து மாத்திரை

மகளுக்கு ஆறு மாதம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் உருப்படிகளை மேசையில் விரித்து, தையல் விட்டிருக்கிறதா, கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து ஒதுக்க வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். அந்த வாரமே துணை சுகாதார நிலையத்து நர்ஸிடம் கருத்தடை மாத்திரை அட்டை வாங்கினேன்.

முதல் அட்டை பாதிகூட முடியவில்லை, உதிரம் பட ஆரம்பித்துவிட்டது. மாதவிலக்கு மாதிரி இல்லை. இரண்டு நாள் லேசாகப் படும், நிற்கும், நான்காம் நாள் மறுபடி வரும். ஒருநாள் மேசை நிறைய வெள்ளை டி-ஷர்ட் குவிந்திருந்தபோது, பக்கத்து மேசை அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்று, தன் துண்டை என் இடுப்பில் சுற்றிவிட்டார்.

"மாத்திர போடறயா கண்ணு? கர்ப்பப்பை புண்ணாயிருமுன்னு சொல்றாங்க. இன்னைக்கே நிறுத்திப்போடு."

வீட்டில் என் கணவரும் அதையேதான் சொன்னார். "விட்டுத் தள்ளு அத. ஒடம்பு கெட்டா யாரு பாக்க?"

"நிறுத்திட்டு, அடுத்த வருசமே இன்னொண்ணு வந்தா செக்கிங்குக்கு நீங்க போவீங்களா?" என்றேன். எனக்குக் கோபமில்லை. அவர் பயந்துதான் சொன்னார். ஆனால் பயத்தில் முடிவெடுக்க நான் தயாராக இல்லை.

எண்ணெய்க்கறை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், எந்த மெஷினில் தைத்தது என்றுதான் கம்பெனியில் முதலில் பார்ப்போம். அதே பழக்கத்தில் காலண்டரில் குறிக்கத் தொடங்கினேன். உதிரம் பட்ட நாளுக்கு ஒரு வட்டம். மாத்திரை போட்ட நேரத்தையும் பக்கத்தில் எழுதினேன்.

மகளுக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி போட வேண்டிய புதன்கிழமை, காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஊசி போட்டுவிட்டு நர்ஸ் அதை மேசையில் விரித்தார்.

"ஏனுங்க, ஒரு நா சாயங்காலம், ஒரு நா காத்தால. இங்க ரெண்டு நாளு காணவே காணோமே?"

"ஒன்றரை ஷிப்டு பாத்துட்டு வந்தா அப்படியே தூங்கிருதேன், சிஸ்டர்."

"அப்பறம் படாம என்னங்க பண்ணும்? ஒடம்பு பழகற வரைக்கும் கொஞ்சம் படறது சகஜந்தானுங்க. நீங்க விட்டு விட்டுப் போட்டு அத இழுத்துட்டீங்க."

கர்ப்பப்பை புண்ணாகுமா என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க" என்றவர், விட்டுப்போன நாட்கள் இருப்பதால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடலாம் என்றார். மகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஐந்து நிமிடமும் சோதனை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டையில் ஒற்றைக் கோடுதான் விழுந்தது. கர்ப்பமில்லை.

"இன்னும் ரெண்டு அட்டை தெனமும் ஒரே நேரத்துக்குப் போடுங்க. அப்பவும் நிக்கலீன்னா டாக்டரப் பாத்தே ஆகோணும். நெறையாப் போனாலோ, வயிறு வலிச்சாலோ அதுக்கு முன்னாடியே போயிருங்க."

எந்த ஷிப்டு பார்த்தாலும் மாறாத நேரம் எனக்கு ஒன்றுதான் இருந்தது, காலை டீ. மறுநாளிலிருந்து அட்டையை டிபன் பையில் வைத்துக்கொண்டேன். டீ மணியடித்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து எல்லார் முன்னாலும் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலும் அதே நேரம். ஒருமுறை சூப்பர்வைசர், "என்னம்மா, காய்ச்சலா?" என்றார். "கருத்தடை மாத்திரைங்க" என்றேன். அவர் பீஸ் எண்ணப் போய்விட்டார். அக்கா டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்.

அடுத்த அட்டையில் வட்டங்கள் இரண்டாகக் குறைந்தன. அதற்கடுத்த அட்டையில், கடைசி வரிசையில் இருக்கும், கருத்தடை மருந்தில்லாத இரும்புச்சத்து மாத்திரை போடும் நாட்களில் மட்டும் ஒழுங்காக மாதவிலக்கு வந்தது. கணவரிடம் காலண்டரைக் காட்டினேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, நீ சொன்னதுதான் சரி" என்றார். கல்யாணமாகி அவர் இப்படிச் சொன்னது அதுவே முதல் முறை.

கொஞ்ச நாளில் டைலர் பெண்கள் ஒவ்வொருவராக என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். எனக்கு ஒத்துக்கொண்டதை மறைக்காமல் சொன்னேன். கூடவே, எந்தப் புதன்கிழமை யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.