ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

ஜீப் வளைவில் ஏறும் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். கொடைக்கானலில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். சத்தம் வந்தால் நோய் இருக்கிறது என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் பானெட்டைத் திறந்து, தலையைச் சொறிந்து, ஒரு டீ சொல்லிவிட்டுத்தான் யோசிப்பேன்.

இந்த மலையில் பழைய பெட்ரோல் ஜீப் மக்கர் பண்ணினால் ஒரே வைத்தியம்தான். பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிப் போட்டுவிட்டு டீசல் இன்ஜினை இறக்குவது. கேரட் மூட்டை ஏற்றுகிறவனுக்கு அது சரி. எவ்வளவு குலுக்கினாலும் மூட்டை எதுவும் சொல்லாது. மனுஷர் உட்கார்ந்து போகிற வண்டிக்கும் நாங்கள் அதையே செய்தோம்.

ஜெசிந்தா டீச்சர் வண்டிக்கு டீசல் போட்டது நான். அப்போது வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். மேஸ்திரி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பிளக் மாற்றுவதற்காக வந்த வண்டி அது. நாலு பிளக் ஒயரையும் மொத்தமாகப் பிடுங்கினேன். திரும்ப மாட்டும்போது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக மாட்டினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நிச்சயமாகத் தெரிந்த கணக்கு எனக்கு அது ஒன்றுதான். இன்ஜின் வெடி போட்டது, குலுங்கியது, நின்றது. இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு டீச்சரிடம் போனேன்.

"இன்ஜின் செத்துப்போச்சுங்க டீச்சர். டீசல் போட்டுருவோம். எல்லாரும் அதான் போடுறாங்க."

செத்த இன்ஜினைப் பூண்டி கிராமத்தில் பூண்டு போடுகிற மாயாண்டி அண்ணனிடம் தள்ளிவிட்டு இரண்டு மூட்டை பூண்டு வாங்கிக்கொண்டேன். சரிபண்ணித் தண்ணீர் இறைக்கப்போகிறேன் என்றார். பாவம் என்று நினைத்தேன். பாவம் யார் என்பது தொழில் பழகிய பிறகுதான் தெரிந்தது; வெளியே சொல்லவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. டீசலின் கனத்தில் ஜீப்பின் முன் ஸ்பிரிங் பட்டை தொங்கிப்போனது. குலுக்கலில் அடிச்சட்டம், அதுதான் சேஸ், மூன்று முறை விரிசல் விட்டது. மூன்று முறையும் வெல்டு வைத்தேன். மூன்று முறையும் ரோட்டைக் குறை சொன்னேன்.

போன மாதம் வண்டித் தகுதிச் சான்றுக்காக எஃப்.சி.க்குக் கொண்டுபோன இடத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்துவிட்டார். அதுவரை எந்த எஃப்.சி.யிலும் யாரும் திறந்ததில்லை.

"ஆர்.சி. புக்குல பெட்ரோல்னு இருக்கு, உள்ள டீசல் கெடக்கு. சேஸ் வேற விரிஞ்சிருக்கு. புக்குல உள்ளபடி இன்ஜினோட வாங்க. இல்லைன்னா வண்டியை உடைக்கக் குடுத்துருங்கம்மா" என்றார்.

டீச்சர் வீடு வட்டக்கானல் இறக்கத்தில் இருக்கிறது. இரண்டு முட்டியிலும் வலி. அந்த ஜீப் போய்விட்டால் அவருக்கு சர்ச்சும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. அந்தக் கவலை எனக்கும் இருந்தது. ஆனால் என் குட்டு உடையுமே என்ற கவலை அதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது.

"வேற நல்ல டீசலாப் போட்டு புக்குல ஏத்திக்கலாம் டீச்சர். சோலி சுளுவா முடிஞ்சிரும்."

"இருபது வருஷமா அந்தக் குலுக்கல்ல பல்லு ஆடுது அந்தோணி. இருக்கிறதே ஏழு பல்லு. பழைய இன்ஜின் எங்க?"

"காயலாங்கடையில கரைஞ்சு போயிருக்குங்க."

"பூண்டிக்குக் குடுத்தேன்னு அன்னைக்கு நீதானலே சொன்ன. ஏறு வண்டியில."

பொய் சொல்கிறவனுக்கு ஞாபகம் வேண்டும். அது டீச்சரிடம் இருந்தது.

மாயாண்டி அண்ணன் தோட்டத்துத் தகரக் கொட்டகைக்குள் அந்த இன்ஜின் தையல் மிஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கரியைத் துடைத்து, ஆர்.சி. புக்கை வைத்து நம்பரை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். அதே இன்ஜின்.

"செத்துப்போனது எப்படி மாயாண்டி ஓடுது?"

"எங்க டீச்சரம்மா செத்துச்சு? எவனோ ஒரு கூமுட்டை பிளக் ஒயரை ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு மாட்டி வச்சிருந்தான். இதுக்கு ஒண்ணு மூணு நாலு ரெண்டுன்னுல்ல நெருப்பு போகணும். மூணு ஒயரை மாத்திச் சொருகுனேன். அன்னைக்குப் பிடிச்ச ஓட்டம்."

டீச்சர் மெதுவாகத் திரும்பினார். "யாரு அந்தோணி அந்தக் கூமுட்டை?"

"மலையில நெறைய மெக்கானிக் இருக்காங்க டீச்சர்."

"உன்கிட்டதானப்பா வாங்குனேன்" என்றார் மாயாண்டி அண்ணன். நல்ல மனுஷர். எந்த நேரத்தில் வாயை மூட வேண்டும் என்பது மட்டும் தெரியாது.

இன்ஜினுக்கு இன்ஜின் மாற்றிக்கொண்டோம். டீசல் இப்போது பூண்டுத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிறது. ஒரே இடத்தில் நின்று பாரம் இழுக்க அதைவிட நல்ல இன்ஜின் கிடையாது. யார் பல்லும் ஆடுவதில்லை. பெட்ரோல் இன்ஜின் உட்காருவதற்காக, அன்றைக்கு நானே வெட்டி எறிந்த மவுண்டிங்கை நானே புதிதாகச் செய்து வைத்தேன். சேஸுக்கும் விரிந்த இடத்தில் எல்லாம் உள்ளே பிளேட் கொடுத்தேன். இந்த முறை ரோட்டை எதுவும் சொல்லவில்லை. கனம் குறைந்ததும் ஜீப்பின் மூக்கு தானாக நிமிர்ந்தது.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தார்.

"நடந்ததை எழுது. உன் ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்கு வர்றவங்க படிக்கட்டும். உன்னை நல்லவனாக் காட்டி எழுதுனா கிழிச்சுட்டு மறுபடி எழுதச் சொல்லுவேன்."

இதை வத்தலக்குண்டில், எஃப்.சி. மைதானத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். டீச்சர் ஜீப்போடு வரிசையில் நிற்கிறார். முன்னால் ஒரே ஒரு வேன். கடைசியில் பாடம் ஒன்று எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். தம்பிகளா, எல்லாரும் மாற்றுகிறார்கள் என்று ஒரு இன்ஜினைக் கழற்றுவதற்கு முன்னால், செத்தது இன்ஜினா, இல்லை நம்முடைய

டீச்சர் கூப்பிடுகிறார்.

"அந்தோணி, இன்ஸ்பெக்டர் நம்பர் சரியா இருக்குன்னுட்டார். ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்றார். சாவி உன் சட்டைப் பையில கெடக்கு, வெரசா கொண்டா. ஒயரை நான் எண்ணிப் பாத்துட்டேன். நீ கை வைக்காத."