கேட்காமல் வந்த காவல்

குற்றாலீஸ்வரனுக்குப் பார்வை ஒரே நாளில் போகவில்லை. ஓரங்களிலிருந்து இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு வந்தது. ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு லாட்ஜின் முன்மேசையில் பல வருஷங்கள் உட்கார்ந்திருந்தவர் அவர். சீசன் கூட்டத்தில் பக்கவாட்டில் வந்து நிற்கிற ஆளை அவர் கவனிக்கவில்லை என்று அடிக்கடி சண்டை வரும். “என்னவே, கண்ணு தெரியலையா?” என்று ஈரத் துண்டோடு நின்ற ஒருவர் ஒருநாள் கத்தினார். கத்தியவருக்கு அது வெறும் வசவு. குற்றாலீஸ்வரன் அன்று இரவு ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தார்.

கண்ணழுத்த நோய் என்று மதுரையில் டாக்டர் சொன்னபோது பாதிக்கு மேல் போயிருந்தது. மீதியைக் காப்பாற்ற ஊற்றிய மருந்தெல்லாம் கொஞ்ச காலம் தள்ளிப்போட்டதோடு சரி. லாட்ஜ் முதலாளி கெட்டவரில்லை. ஒரு சீசன் முழுக்க ஃபோன் எடுப்பதற்கென்று மட்டும் அவரை வைத்துக்கொண்டார். அறை பிடிப்பதெல்லாம் ஜனங்கள் செல்போனிலேயே செய்துகொள்ள ஆரம்பித்த பிறகு, “ஈஸ்வரா, நீ வீட்ல இருந்து ஒடம்பப் பாத்துக்கிடு” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

மேலகரத்து வீட்டிலிருந்து அவருடைய மனைவி உமாராணி தென்காசியில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் திரும்புவாள். நாள் முழுக்க நின்று நின்று அவள் கால் வீங்கியிருப்பதை அவரால் பார்க்க முடியாது. செருப்பைக் கழற்றும்போது அவள் விடுகிற மூச்சிலிருந்து தெரிந்துகொள்வார். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

மதுரையில் பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற ஒரு மையம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்து சொன்னவன் உமாராணியின் தம்பி மணிமுத்து. பட்டாளத்தில் இருக்கிறவன். லீவில் வந்தபோது அத்தானைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டான். அங்கே பாடம் எடுத்த சாஜிதாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிற ஒரு புரோகிராமை வைத்துக்கொண்டு, மவுஸைத் தொடாமல், விரல்களாலேயே எல்லா வேலையும் செய்வதை அவர் சொல்லிக்கொடுத்தார். அந்தக் குரல் தட்டையானது, ஏற்ற இறக்கம் இல்லாதது. ஆனால் அது செய்தித்தாளின் முதல் பக்கத்தை வாசித்த அன்று குற்றாலீஸ்வரன் விடுதி அறையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதார். அடுத்தவர் வாயைப் பார்த்து உட்காராமல் தானாக வாசித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

பயிற்சி முடிந்ததும் மணிமுத்து தென்காசியில் ஒரு கடையில் புது லேப்டாப் வாங்கித் தந்தான். சாஜிதா ஃபோனில் சொல்லச் சொல்ல அந்த வாசிக்கிற புரோகிராமையும் அவனே போட்டுக்கொடுத்துவிட்டு லீவு முடிந்து போனான். “அத்தான், இதுல என்னென்னமோ சேத்துக் குடுத்திருக்கான். பாட்டு, போட்டோ, வைரஸுக்குக் காவல், எல்லாம் ஃப்ரீ” என்று சந்தோஷமாகச் சொன்னான்.

அந்த ஃப்ரீதான் வினையாக முடிந்தது.

கண் தெரிகிறவர்களுக்கு அது பெரிய தொந்தரவில்லை. திரையின் மூலையில் ஏதாவது எட்டிப் பார்த்தால் ஒரு தட்டுத் தட்டி மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். குற்றாலீஸ்வரனுக்குத் திரை என்பதே அந்த ஒற்றைக் குரல்தான். புதிதாக ஒரு ஜன்னல் குதித்தால் குரல் வாசித்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடும். ‘மாவட்டத்தில் இன்று கனமழைக்கு’ என்று ஆரம்பித்த குரல், மழையை விட்டுவிட்டு, உங்கள் புகைப்படங்களை அழகுபடுத்த வேண்டுமா என்று இங்கிலீஷில் கேட்கும். அதை மூடினால் ஒரு விளையாட்டுக்கு அழைப்பு வரும். அதையும் மூடினால், உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, முழுப் பாதுகாப்புக்கு உடனே மாறுங்கள் என்று வரும். சில ஜன்னல்களில் எந்தப் பொத்தான் எதற்கு என்று பெயரே எழுதியிருக்க மாட்டார்கள். குரல், “பட்டன்… பட்டன்… பட்டன்” என்று மட்டும் சொல்லும். இருட்டில் மூன்று கதவு. எதையாவது ஒன்றை அமுக்குவார். மூடினால் உண்டு. சமயத்தில், அவர் எதற்கோ சம்மதித்துவிட்டதாக நன்றி சொல்லிவிட்டு அது இன்னொன்றைத் திறக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உமாராணியின் தோளைப் பிடித்துக்கொண்டு லேப்டாப் வாங்கின கடைக்கே போனார். கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற உசாமா மரியாதையான பையன். நாற்காலி போட்டு உட்காரவைத்தான்.

“நாங்க எதுவும் போடலண்ணாச்சி. கம்பெனியிலயே ஏத்தித்தான் அனுப்புதான். எல்லா மிஷின்லயும் இப்பிடித்தான் வருது.”

“நான் கேக்கலையே தம்பி. வேண்டாம்னு சொல்லுததுக்கு ஒரு வழி இருக்கும்லா?”

உசாமா சிரித்தான். கொஞ்ச நேரம் தட்டித் தட்டி, விளையாட்டையும் போட்டோவையும் எடுத்துவிட்டதாகச் சொன்னான். காவலை மட்டும் தொடவில்லை. “அது இருக்கட்டும்ணாச்சி. எடுத்துட்டா வைரஸ் ஏறிரும். அப்புறம் மொத்தமும் போயிரும். ஒரு வருசத்துக்குச் சும்மாதானே கெடக்கு.”

வீட்டுக்கு வந்து நாலு நாள் நிம்மதியாக இருந்தது. பிறகு மிஷின் தன்னைத்தானே எதற்கோ புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் விளையாட்டு திரும்ப வந்து கூப்பிட்டது.

காவலையாவது தானே எடுத்துவிடலாமென்று உட்கார்ந்தார். அது லேசில் போகிற ஜாதியாக இல்லை. நிஜமாகவே போகச் சொல்கிறீர்களா என்று கேட்டது. ஏன் என்று கேட்டது. கடைசியில் பெயரில்லாத பொத்தான்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. வேலை முடிந்து வந்த உமாராணியைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அவள் கூட்டி முடிப்பதற்குள் ஜன்னல் மாறிவிடும்.

“பச்சைல ஒண்ணு பெருசா இருக்கு. அத அமுக்கவா?”

“என்ன எழுதியிருக்குன்னு சொல்லுட்டி மொதல்ல.”

“கே… ஈ… ஈ…”

“ஐயோ, அது கீப்பு. வச்சுக்கிடுதேன்னு அர்த்தம். அத அமுக்கிராத.”

“அமுக்கிட்டேன்.”

அவர் மூடியைப் படாரென்று அடித்துச் சாத்தினார். உமாராணி எழுந்து அடுப்படிக்குப் போனாள். “காலையிலருந்து சேல விரிச்சு விரிச்சு மடக்குதேன். இங்க வந்து இதயும் நான் மடக்கணும்” என்று அங்கேயிருந்து சொன்னாள். உரக்கச் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் அவளை வாசிக்கச் சொல்லிக் கூப்பிடவில்லை.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்த சமயத்தில் சாஜிதா ஃபோன் செய்தார். சென்னையில் ஒரு சுற்றுலா நிறுவனம், வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களின் மெயிலுக்குப் பதில் எழுத ஆள் எடுக்கிறது. பார்வையற்றவர்களுக்கென்று சில இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆன்லைனில் ஒரு தேர்வு எழுத வேண்டும்.

“லாட்ஜ் அனுபவம் இருக்கிற ஆளு வேற யாரும் எங்கிட்ட இல்ல சார். உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. விட்டுராதீங்க.”

அன்றிலிருந்து அவர் முகமே மாறிவிட்டது என்று உமாராணி தம்பியிடம் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. தினமும் பயிற்சி எழுதினார். அறை கேட்டவருக்குப் பதில், தேதி மாற்றக் கேட்டவருக்குப் பதில், அருவியில் தண்ணீர் இல்லையென்று கோபித்துக்கொண்டவருக்குப் பதில். நடுநடுவே குதிக்கிற ஜன்னல்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு மூடப் பழகிக்கொண்டார்.

தேர்வன்று காலையில் உமாராணி அவருக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். “யாரு பாக்கப்போறா?” என்றார். “போடுங்க” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் வரை போனவள் திரும்பி வந்து அவர் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

தேர்வு நல்லபடியாகவே ஆரம்பித்தது. முதல் கடிதம் ஒரு வயதான தம்பதிக்குக் கீழ்த்தளத்தில் அறை கேட்டு வந்தது. இப்படி எத்தனையோ பேருக்கு அவர் லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுத்திருக்கிறார். விரல்கள் தாமாக ஓடின. இரண்டாவதும் சுலபம். மூன்றாவது கடிதத்தைக் குரல் வாசித்துக்கொண்டிருந்தது. ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றது.

ஹெட்ஃபோன் வயர் கழன்றுவிட்டதோ என்று தடவினார். இல்லை. சத்தத்தைக் கூட்டுகிற சாவியை அமுக்கினார். சாஜிதா சொல்லிக்கொடுத்த மூன்று சாவிகளைச் சேர்த்து அமுக்கினால் குரல் திரும்ப வரவேண்டும். வரவில்லை. மறுபடி அமுக்கினார். மிஷினின் அடியில் கை வைத்தார். சூடாக இருந்தது. உயிர் இருக்கிறது, பேசத்தான் இல்லை. வெளியே குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போயின. கூரைத் தகரத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. தனக்கு முன்னால் ஒரு திரை வெளிச்சத்தோடு எரிந்துகொண்டிருக்கிறது என்பதும், அதில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டு மாரிச்செல்வியைக் கூப்பிட்டார். அவர் தானாக அவளைக் கூப்பிட்டதே கிடையாது என்பதால், அவள் என்னமோ ஏதோவென்று ஓடி வந்தாள். பன்னிரண்டாவது வரை படித்தவள்.

“என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாரும்மா.”

“நடுவுல பெரிய பச்சை டிக் போட்டுருக்கு அண்ணே. உங்க கம்ப்யூட்டர் பாதுகாப்பா இருக்குன்னு போட்டுருக்கு.”

“அதுக்குக் கீழ?”

“சந்தேகப்படுத மாதிரி ஒரு புரோகிராம் ஓடிச்சாம். அத நிறுத்தி அடச்சு வச்சிருக்காம்.”

“அந்தப் புரோகிராம் பேரு?”

அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். நாலாவது எழுத்து வரை அவருக்குக் காத்திருக்கத் தேவைப்படவில்லை. அது அவருடைய குரல்தான். திரையில் இருப்பதையெல்லாம் படிக்கிறது, அமுக்குகிற சாவிகளையெல்லாம் கவனிக்கிறது என்று காவல் அதைத் திருடன் என்று முடிவுகட்டியிருந்தது.

“பின்னால பரீட்சை தெரியுதா பாரு.”

அவள் எதையோ மூடினாள். “நேரம் முடிஞ்சிட்டுன்னு இருக்கு அண்ணே” என்றாள். பிறகு, “நான் ஏதும் அமுக்கணுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம்மா. நீ போ. ஏதாச்சும் அடுப்புல வச்சிட்டு வந்திருப்ப.”

சாஜிதா அந்த நிறுவனத்தோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினார். ஒருவருக்கு ஒரு வாய்ப்புத்தான், இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது. காவல் கம்பெனிக்குச் சாஜிதா எழுதிய புகாருக்கு, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று ஒரு மெயில் வந்தது. அத்தோடு முழுப் பாதுகாப்புக்கு மாறச் சொல்லி ஒரு சலுகையும் வந்தது. மணிமுத்து எல்லையிலிருந்து ஃபோனில், “எந்தப் பயலக் கேட்டுக்கிட்டு அத உள்ள வச்சான்? நான் வாங்கித் தந்ததுதானே அத்தான்…” என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் நிறுத்தினான். “விடு மாப்ள. நீ என்ன செய்வ” என்றார் இவர்.

விஷயம் கேள்விப்பட்டு உசாமா வீட்டுக்கே வந்தான். காவலை எடுக்க வேண்டாமென்று சொன்னது தான்தான் என்பது அவனுக்கு உறுத்தியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு மிஷினை மொட்டையாக்கி, தேவையானதை மட்டும் திரும்ப ஏற்றினான். வாசிக்கிற குரலைப் போட்டு, சரியாகப் பேசுகிறதா என்று கேட்டான். பேசியது. உமாராணி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, “இனிமே ஒண்ணும் வராதுண்ணாச்சி” என்றான். சொன்னபடியே ஒன்றும் வரவில்லை.

சீசனுக்கு ஜவுளிக்கடையில் கூட்டம் அதிகம். உமாராணி இப்போது கடை அடைக்கும்வரை இருந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வருகிறாள். குற்றாலீஸ்வரன் காலையில் செய்தித்தாளை மட்டும் வாசிக்கக் கேட்டுவிட்டு மிஷினை மூடிவிடுகிறார். பயிற்சிக் கடிதம் எழுதுவதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே குரல் எந்த இடத்தில் நிற்குமோ என்று காது காத்துக்கொண்டிருக்கிறது. வாசிக்கிற செய்தி மனதில் ஏறமாட்டேன் என்கிறது.

போன வாரம் சாஜிதா மறுபடி கூப்பிட்டார். பெங்களூரில் வேறொரு கம்பெனி ஆள் எடுக்கப்போவதாகச் சொன்னார். கடையிலிருந்து வந்து, கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு உமாராணி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பாப்போம் மேடம்” என்று சொல்லி அவர் ஃபோனை வைத்தார்.

உமாராணி தைலத்தை எடுத்து முழங்காலில் தேய்க்க ஆரம்பித்தாள்.